அந்தக் கத்தல் என்னுடையது

என் கணவர் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வில்லன் சிரிப்புப் பழகத் தொடங்கிய கிழமைதான், என் தங்கச்சி காலைச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வருவதை நிறுத்தினாள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் காரணம் இல்லை. அவருக்கு அது பகிடி, விளையாட்டு. லண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டின் சுவர்கள் வெறும் அட்டை. பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் ஒருநாள் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் என்னை மறித்து, உன் கணவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மெதுவாகக் கேட்டார். படத்தில் நடிக்கிறார் என்றேன். மனுஷன் நம்பின மாதிரித் தெரியவில்லை.

“இஞ்சாருங்கோ, அந்தச் சிரிப்பை வேலையிடத்திலை போய்ச் சிரியுங்கோ,” என்று நான் குளியலறைக் கதவில் தட்டினேன்.

“உமக்குக் கலை விளங்காது,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கலை. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. சின்ன டிஜிட்டல் கமெரா கைக்கு வந்ததும் லண்டன் தமிழரில் பாதிப் பேர் இயக்குநராகிவிட்ட காலம். வெம்பிளியில் டிவிடி கடை வைத்திருந்த என் கணவரின் கூட்டாளியும் அப்படி ஆனவர்தான். நாங்கள் அவரைப் படக்கார அண்ணை என்போம். நல்ல மனுஷன். ஒருவருக்கு உதவி என்றால் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வருவார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை பேசிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

அவருடைய படத்தின் கதை இதுதான். காட்டோரக் கிராமத்தில் ஒரு பெண்ணை மூன்று பேர் சேர்ந்து கெடுக்கிறார்கள். அவள் எழும்பி வந்து மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கொல்கிறாள். முதலாமவனை வெள்ளைச் சேலையில், இரண்டாமவனை மஞ்சள் சேலையில், மூன்றாமவனைச் சிவப்புச் சேலையில். கடைசியில் தமையனின் மடியில் விழுந்து சாகிறாள். என் கணவர் இரண்டாமவன். மஞ்சள் சேலைக்காரி கயிற்றால் நெரிக்க வேண்டியவர்.

கெடுக்கிறது என்ற சொல்லை அண்ணை ஒருநாளும் வாயால் சொல்லவில்லை. ‘அந்தச் சீன்’ என்பார்.

“அந்தச் சீனை நான் கலையா எடுக்கப்போறன் தங்கச்சி,” என்று எங்கள் முன்னறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு எனக்கு விளக்கினார். “ஒண்டும் காட்டமாட்டன். குங்குமச் சிமிழ் ஒண்டு தண்ணிக்குள்ளை விழும். சிவப்புத் துணி ஸ்லோ மோஷனிலை பறக்கும். பெட்டையின்ர கத்தல் மட்டும் கேக்கும். கத்தலிலைதான் முழுப் படமும் நிக்குது.”

படம் எடுத்தது லண்டன் ஓரத்து எப்பிங் காட்டில், மார்கழிக் குளிரில். கதாநாயகி இங்கே பிறந்து பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. மெல்லிய சேலையோடு நின்று பல்லுக் கிடுகிடுத்தாள். எங்கள் ஊர் வெயிலில் நடக்கிற கதை, ஆனால் எல்லாரின் வாயிலிருந்தும் புகை வந்தது. அதைச் சொன்னதற்கு, “கோவத்திலை வாற புகை எண்டு சனம் நினைக்கும்,” என்றார் அண்ணை. அன்றைக்கு நான் சிரித்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே சிரித்தேன்.

தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் என்னைவிடப் பல வயது இளையவள். தனியாக வந்து சேர்ந்தாள். அகதி விசாரணைக்குக் குரோய்டனில் இருந்த அந்தப் பெரிய குடிவரவுக் கட்டிடத்துக்கு ரயில் மாறி மாறி அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அங்கே அவளுக்காக மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், அப்பாவின் வயது. இரண்டு கேள்வியில் யாருடைய மகள் என்று பிடித்துவிடக் கூடியவர். அவரைக் கண்டதும், சொல்ல வேண்டியதில் ஒன்றை அவள் விழுங்கிவிட்டாள். மற்றதெல்லாம் சொன்னாள். மற்றதும் உண்மைதான், அதற்கே விசாவும் கிடைத்தது.

விழுங்கியது என்ன என்று எனக்குத் தெரிந்தது பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அவளும் காய்ந்த கட்டில் விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் ஊர்ச் செய்தி, ஒரு பெண்பிள்ளையைப் பற்றி. “எனக்கும் அதுதான் நடந்தது அக்கா,” என்றாள். சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. யார், எங்கே என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதக் கூடாது என்று அவள் கேட்டிருக்கிறாள். விரிப்பின் முனையை என் கையில் தந்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். நானும் பிடித்தேன். எல்லாவற்றையும் மடித்து அலுமாரியில் அடுக்கினோம். “அத்தானுக்குச் சொல்லாதேங்கோ,” என்றாள். நான் சொல்லவில்லை. அதனால் அந்தச் சிரிப்பை ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்று அவருக்கு ஒருநாளும் விளங்கவில்லை. என்னை எரிச்சல்காரி என்று நினைத்தார். நினைக்கட்டும்.

படம் பாதி எடுத்திருந்த நேரத்தில் படக்கார அண்ணை எங்கள் வீட்டுக்கு ஒரு சம்பந்தமும் கொண்டுவந்தார். அவருடைய கடையில் கிழமைக்கொரு பை நிறையச் சீரியல் டிவிடி வாடகைக்கு எடுக்கும் ஒரு அம்மா, கணவர் இல்லாதவர். ஒரே மகன், கணக்காளர் வேலை. வெம்பிளியில் சொந்த வீடு. மகனும் தங்கச்சியும் ஒரு தோசைக் கடையில் சந்தித்தார்கள். நானும் கூடப் போய், வேறு மேசையில், அவர்களுக்கு முதுகு காட்டி இருந்தேன். அவன் பொறுமையாகக் கேட்கிற பையன். அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற கதையைக் கேட்டான், கேட்டுச் சிரித்தான். தங்கச்சியும் சிரித்த சத்தம் எனக்கு முதுகுப் பக்கமாகக் கேட்டது. நான் இன்னொரு தோசைக்குச் சொன்னேன். சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது: “எனக்குப் பிடிச்சிருக்கு அக்கா. ஆனா அவையளுக்குச் சொல்லிப்போட்டுத்தான் கட்டுவன். சொல்லாமல் கட்டினால் ஒவ்வொரு விடியவும் பொய்யோடைதான் எழும்ப வேணும். என்னாலை ஏலாது.”

நான் ஓம் என்றேன். சொல்லத்தான் வேண்டும் என்றேன். பயமாக இருந்தது, ஆனால் அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. தாயிடமா, மகனிடமா, தேத்தண்ணிக்கு முதலா, பிறகா. சமையலறையில் நின்று நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கிறோம். நான் அவனுடைய தாயாக, மாமியாக இருப்பேன், அவள் அவளாகவே இருப்பாள். “மாமி, ஒரு விஷயம்,” என்பதற்கு மேல் அவளால் போக முடிந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணைக்குக் குரல் தேவைப்பட்டது. கதாநாயகிப் பிள்ளையின் தமிழைக் கேட்டால் அழுகிற காட்சியிலும் சிரிப்பு வரும். தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் தங்கச்சி மைக் பிடித்துப் பேசியதை அண்ணை கேட்டிருந்தார். “உங்கட குரல்தான் தங்கச்சி எனக்கு வேணும்,” என்று வாசலிலேயே நின்று கேட்டார். சம்பந்தம் கொண்டுவந்த மனுஷன், நேரே மறுக்க முடியாது. நான் முந்திக்கொண்டு, அவளுக்கு நேரமில்லை, தொண்டை சரியில்லை என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். தங்கச்சி எனக்குப் பின்னால் வந்து நின்று, “நான் வாறன் அண்ணை,” என்றாள்.

அவர் போன பிறகு அவளைப் பிடித்து ஏசினேன். உனக்கென்ன விசரா என்று கேட்டேன். அவள் ஏச்சு முடியும்வரை நின்றாள்.

“அவள் மூண்டு பேரையும் கொல்லுறாள்தானே அக்கா,” என்றாள். “அந்த வசனங்கள் என்ர வாயாலை வரட்டும்.”

குரல் பதிவு வெம்பிளியில், ஒரு சேலைக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில். சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டியிருந்தது. பதிவு செய்தவர் ஒரு மலேசியத் தமிழர், படிக்க வந்து இங்கேயே வேலையில் நின்றுவிட்டவர். நான் பள்ளிக்கூடச் சமையலறை வேலையை முடித்துவிட்டு, அந்த உடுப்போடேயே அவளுக்குத் துணையாகப் போய்க் கதிரையில் இருந்தேன்.

கொலைகளைத்தான் முதலில் பதிந்தார்கள். நான் அப்படி ஒருபோதும் அவளைக் கண்டதில்லை. தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் அந்தப் பிள்ளையின் வாயைப் பார்த்து, “என் கண்ணைப் பார். பார்த்துக்கொண்டே சாவு,” என்றாள். கழுத்தில் கயிற்றோடு கண் பிதுங்கி நின்றது என் கணவர். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “அத்தான் பாவம்,” என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள். முகம் சிவந்து போயிருந்தது. இதுக்காகவாவது வந்தது நல்லதுதான் என்று நினைத்தேன்.

அடுத்தது அந்தச் சீன்.

தண்ணீருக்குள் குங்குமம் கரைந்தது. சிவப்புத் துணி பறந்தது. நடுவில் ஒருமுறை என் கணவரின் முகம், வாய் திறந்து, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு. அண்ணை கையைக் காட்டினார். தங்கச்சி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

“சத்தம் வரல அக்கா,” என்று மலேசியாக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார், ஏதோ நான்தான் நிறுத்திவைத்திருக்கிற மாதிரி.

“கூச்சப்படாதேங்கோ தங்கச்சி,” என்றார் அண்ணை. “வயித்துக்குள்ளையிருந்து எடுங்கோ. ஊரே கேக்க வேணும்.”

மறுபடி திரை ஓடியது. மறுபடி வாயைத் திறந்தாள். தொண்டை நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது. அண்ணை தானே ஒரு தரம் கத்திக் காட்டினார், பெண் குரலில். இன்னொரு தரம் ஓடியது.

“அண்ணை,” என்றாள் தங்கச்சி. “அப்பிடிச் சத்தம் வராது.”

“வரும், வரும். முதல்லை எல்லாருக்கும் கஷ்டம்தான்.”

“இல்லை அண்ணை. அந்த நேரம் சத்தம் வாறேல்லை.”

அவர் அதை நடிக்கத் தெரியாத பிள்ளையின் சாட்டு என்று எடுத்துக்கொண்டார். மலேசியாக்காரர் மட்டும் தலையைக் குனிந்து ஏதோ ஒரு வயரைப் பார்க்கத் தொடங்கினார். அந்த மனுஷனுக்கு விளங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன். எழும்பிப் போய் அவளுடைய தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன்.

“விடுங்கோ அண்ணை, நான் கத்திறன்.”

திரையில் துணி பறந்தது. என் கணவரின் திறந்த வாய் வந்தது. நான் கத்தினேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கத்தினேன், குரோய்டனில் வந்த அப்பா வயது மனுஷனைப் பார்த்துக் கத்தினேன், யாரென்று பெயர்கூடத் தெரியாதவர்களைப் பார்த்துக் கத்தினேன். சேலைக் கடையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து கதவைத் திறந்து பார்த்தாள். நான் நிறுத்தினபோது அண்ணை கைதட்டினார். “ஒரே டேக்,” என்றார். “அக்காவும் தங்கச்சியும் ஒரே குரல். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.”

தங்கச்சி என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய கை பச்சைத் தண்ணி.

மிச்சமிருந்தது சாகிற காட்சி. தமையனின் மடியில் கிடந்து அவள் சொல்ல வேண்டிய ஒரே வசனம்: “அண்ணா, இனி நான் சுத்தம்.” பிறகு கண்ணை மூடுவாள். தங்கச்சி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணையிடம் கேட்டாள்.

“இவளைச் சாகாமல் விடேலாதோ அண்ணை?”

“என்ன தங்கச்சி கதைக்கிறீங்கள்.”

“மூண்டு பேரையும் கொன்றுபோட்டாள். இவளுக்கு ஒரு காயமும் இல்லை. பிறகு ஏன் சாகிறாள்?”

அண்ணைக்கு அந்தக் கேள்வி புதிது. உண்மையாகவே யோசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். யோசித்துவிட்டு, பிழை பிடிக்க முடியாத ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தவராகச் சொன்னார்: “அவள் இருந்தால் படத்தை எங்கை தங்கச்சி முடிக்கிறது? ஆர் அவளைக் கட்டுறது?”

ஏசியிருந்தால் ஏன் இந்த அளவு கோபம் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது. நான் கதிரையில் போய் இருந்தேன். தங்கச்சி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். “அண்ணா, இனி நான் சுத்தம்,” என்றாள், விரிப்பு மடித்த அன்றைக்கு இருந்த அதே குரலில், கூட்டவுமில்லாமல் குறைக்கவுமில்லாமல். அண்ணை கண்ணைத் துடைத்தார்.

திரும்பி வரும்போது ஜூபிளி லைன் ரயிலில் இடம் கிடைத்து இரண்டு பேரும் இருந்தோம். வெஸ்ட் ஹாம் நெருங்க, இறங்குவதற்குப் பையை எடுத்தாள். பிறகு, “அக்கா, மாமியையும் அவரையும் இந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போவம்,” என்றாள்.

“என்னத்துக்கு?”

“பாக்கட்டும். அந்தப் பிள்ளைக்காக அவை அழுதால், நான் அண்டைக்கே சொல்லுவன். அழாட்டில் சம்பந்தம் வேண்டாம்.”

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. எங்கள் சனம் அழுவதை ஒரு பரீட்சையாக வைத்திருக்கிறோமே, எங்களைவிட மடைச்சிகள் உண்டா. நாங்கள் செத்தவீட்டில் அழுவோம், சீரியலில் அழுவோம், கலியாண வீட்டில் பெண் கார் ஏறும்போது அழுவோம். அழுகை எங்களுக்குத் தண்ணீர்ப் பைப்பு. ஆனால் அன்றைக்கு அந்த ரயிலில் எங்களுக்கு அது தெரியவில்லை. அழுகிறவர்கள் இரக்கமுள்ளவர்கள், இரக்கமுள்ளவர்களிடம் சொல்லலாம் என்று நம்பினோம்.

ஒரு ஞாயிறு காலை கிழக்கு லண்டனில் தியேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் படத்தைக் காட்டினார்கள். அண்ணை கோட் சூட்டில் வாசலில் நின்று கை குலுக்கினார். இடைவேளைக்கென்று மட்டன் ரோல்ஸ் பெட்டி பெட்டியாக வந்திருந்தது, மண்டபம் முழுக்க அந்த வாசம். மாமி பட்டுச்சேலையில் வந்திருந்தார். சின்ன உருவம், வட்ட முகம், யாரைக் கண்டாலும் கையைப் பிடித்துத்தான் பேசுவார். தங்கச்சிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாமி. மகனும் என் கணவரும் எங்களுக்குப் பின்வரிசையில்.

அந்தச் சீன் வந்தது. குங்குமம், துணி, பிறகு என் கத்தல். அத்தனை பெரிய ஸ்பீக்கரில் என்னுடைய தொண்டையை நான் கேட்டதில்லை. எங்கோ ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. மாமி தங்கச்சியின் கையை இறுக்கிப் பிடித்து, “நீயோ பிள்ளை கத்தினது? கடவுளே,” என்றார். மாமியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். இருட்டிலும் அவளுடைய கண் எனக்குத் தெரிந்தது. அழுகிறா அக்கா, என்று அந்தக் கண் சொன்னது. நான் தலையாட்டினேன்.

கொலைகளுக்கு விசில் பறந்தது. என் கணவர் சாகும்போது கைதட்டல். அவர் பின்வரிசையில் எழும்பி நின்று கும்பிடு போட்டார். கடைசிக் காட்சி வந்தது. “அண்ணா, இனி நான் சுத்தம்.” மண்டபம் முழுக்க மூக்கு உறிஞ்சிய சத்தம். அவள் கண்ணை மூடியதும் எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். ஆண்களும் அழுதார்கள். பின்வரிசையில் மாமியின் மகனும் கைக்குட்டையை எடுத்திருந்தான். பரீட்சையில் எல்லோரும் பாஸ்.

வெளியே முன்கூடத்தில் சனம் நெருக்கியது. தங்கச்சி மாமியைச் சுவரோரமாக ஒதுக்கி நிறுத்தினாள். நான் பக்கத்தில் நின்றேன். சமையலறையில் ஒத்திகை பார்த்த மாதிரியே தொடங்கினாள்.

“மாமி, ஒரு விஷயம்.”

“சொல்லு பிள்ளை.”

“அந்தப் பிள்ளை சாகாமல் இருந்திருந்தால்…”

மாமி அவளை முடிக்க விடவில்லை. இரண்டு கையாலும் தங்கச்சியின் கன்னத்தைப் பிடித்தார். கண்ணீர் இன்னும் காயவில்லை. “ஐயோ பிள்ளை, இருந்து என்னத்தைக் காணப்போகுது? ஆரின்ர முகத்திலை முழிக்கிறது? கடவுள் கண் திறந்து எடுத்துப்போட்டார். நல்ல முடிவு வைச்சிருக்கிறார் படமெடுத்த தம்பி,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “எவ்வளவு இளகின மனசு பாருங்கோ உங்கட தங்கச்சிக்கு,” என்றார்.

மகன் கையில் நாலு ரோல்ஸோடு வந்தான். முதல் ரோல்ஸைத் தங்கச்சியிடம் நீட்டினான். அவள் வாங்காமல் அவனைக் கேட்டாள்.

“நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?”

“நான் அவளின்ர அண்ணனா இருந்திருந்தால் அவளின்ர கையாலை ஒருத்தனையும் கொல்ல விட்டிருக்கமாட்டன். மூண்டு பேரையும் நானே கொன்றிருப்பன்,” என்றான். அதைச் சொல்லும்போது அவனுடைய தாடை இறுகியது. உண்மையாகவேதான் சொன்னான்.

“சரி. கொன்றாப் பிறகு?”

“பிறகு என்ன?”

“அவளுக்கு.”

அவன் விளங்காமல் தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான். “படம் அதோடை முடிஞ்சுதே,” என்றான். “சூடு ஆற முதல் சாப்பிடும்.”

அவள் வாங்கிச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து, வாசலில் குனிந்து சப்பாத்தின் வாரைக் கழற்றிக்கொண்டே, “ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ அக்கா,” என்றாள்.

“சொல்லாமலோ?”

“சொல்லாமல்தான்.”

நான் கத்தினேன். நீதானே சொல்லாமல் கட்டமாட்டன் எண்டனீ, இவன் இல்லாட்டில் இன்னொருத்தன், இந்த லண்டனிலை ஒரு மனுஷன் இருக்கமாட்டானோ என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

“வேறை ஆரை அக்கா?” என்றாள். “இவை நல்ல சனம். கெட்ட சனமெண்டால் வேண்டாமெண்டு விட்டுட்டு வேறை தேடலாம். தியேட்டர் முழுக்க எழும்பி நிண்டு கை தட்டினது. பாத்தனீங்கள்தானே. அதிலை ஆரைத் தேடுறது?”

அடுத்த நாள் நான் படக்கார அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து ஓம் என்று சொன்னேன்.

கலியாணம் நடந்தது. படக்கார அண்ணைதான் வீடியோ எடுத்தார். அவன் நல்ல கணவன் என்று அவள் சொல்கிறாள், நான் நம்புகிறேன். மாமி அவளைத் தன் மகள் என்றே எல்லோரிடமும் சொல்கிறார். அதிலும் பொய்யில்லை. அவளுக்குத் தலையிடி என்றால் மாமி விக்ஸ் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவார். இப்படி அன்பாக இருக்கிறவர்களை வெறுக்கவும் முடியாமல், அவர்கள் மேல் கோபித்துக்கொள்ளவும் முடியாமல் இருப்பதைப் போல ஒரு வேதனை எனக்குத் தெரியாது. கொடுமைக்காரி மாமியாராக இருந்திருந்தால் நான் எப்போதோ வெம்பிளிக்குப் போய்ச் சண்டை பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

அண்ணை அந்தப் படத்தை டிவிடி போட்டார். மாமியின் முன்னறையில் அது சாமிப் படத்துக்குக் கீழே உள்ள தட்டில் இருக்கிறது. யார் வீட்டுக்கு வந்தாலும் அதை எடுத்துப் போடுவார். முழுப்படமும் இல்லை. ரிமோட்டை அமத்தி அமத்தி நேரே அந்தச் சீனுக்குப் போவார், அங்கிருந்து கடைசிக் காட்சிக்கு. “என்ர மருமேளின்ர குரல்,” என்பார். “கத்திறதைக் கேளுங்கோ, நெஞ்சு பதறும்.”

நான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் போயிருந்தபோது மாமியின் சொந்தக்காரர் கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். டிவிடி ஓடத் தொடங்கியது. நான் எழும்பிச் சமையலறைக்குப் போனேன். தங்கச்சி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் என்னுடைய கத்தல் கேட்டது. அவளுடைய கை அசையவில்லை, ஒரு துளி வெளியே சிந்தவில்லை. எத்தனையோ தரம் கேட்டுப் பழகிய கை.

“அக்கா,” என்றாள், கோப்பையைப் பார்த்துக்கொண்டே. “உங்களுக்கு அந்தச் சத்தம் எங்கையிருந்து வந்தது?”

தெரியாது என்றேன்.

“எனக்கு அண்டைக்கு அது வந்திருந்தால் ஆரும் வந்திருப்பினமோ எண்டு யோசிக்கிறனான்.”

நான் அவளுடைய முதுகில் கையை வைத்தேன். முன்னறையில் அவளுடைய குரல், இனி நான் சுத்தம் என்றது. அவள் சீனிப் போத்தலை மூடிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

கனடாக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். “இவள்தான்,” என்று மாமி தங்கச்சியின் இடுப்பை அணைத்தார். முகம் முழுக்கப் பெருமை. “பிள்ளை, இவையளுக்கு ஒருக்கா அப்பிடிக் கத்திக் காட்டன்.”

“இப்ப வராது மாமி,” என்றாள் தங்கச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தட்டை முதலில் என்னிடம் நீட்டினாள்.